காலாண்டு லீவு: புதுச்சேரியா, கொச்சியா? (முழங்கால் வலி அம்மாவோடு)

மிளகுக்கொடி

வணக்கம். ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் குடும்பத்தோடு நான்கு நாள் கடல் பக்கம் போகலாம் என்றிருக்கிறோம். பழைய ஊராகவும் இருக்க வேண்டும், கடலும் இருக்க வேண்டும். புதுச்சேரியா கொச்சியா என்று வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. மகளும் மனைவியும் கொச்சி, நானும் மகனும் புதுச்சேரி. அம்மா மட்டும் "எங்கே கூட்டிப் போனாலும் சரி, ஏறி இறங்கச் சொல்லாதே" என்கிறார்.

வேறு மாதம் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். முடியாது. எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகும் உண்டு. நவம்பரில் பழம் சிவக்க ஆரம்பித்தால் ஜனவரி வரை ஆள் பிடிப்பது, பறிப்பது, களத்தில் காயவைப்பது என்று அசைய முடியாது. மே மாதம் மலை முழுக்கக் கூட்டம். வாடகைக்கு விடும் இரண்டு அறையை விட்டுவிட்டு எங்கே போவது? ஆக, செப்டம்பர் கடைசிதான் எங்களுக்கு வாய்த்தது.

ஆட்கள்: நான், மனைவி, அம்மா (68 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம்), மகள் பத்தாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. மகன் இன்னும் கடலைப் பார்த்ததில்லை. மேட்டூர் அணையைக் காட்டி இதுதான் கடல் என்று சொல்லி வைத்திருந்தேன், போன வருடம் பள்ளியில் கண்டுபிடித்துவிட்டான்.

இன்னொன்று. எங்கள் ஊருக்கு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். காலையில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, ஏரியில் ஒரு படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று ஓடிவிட்டு சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். கேட்டால் "ஏற்காட்டில் பார்க்க ஒன்றுமே இல்லைங்க" என்பார்கள். நானும் அப்படி ஓடிவிட்டு வரக் கூடாது. ஒரே ஊர், ஒரே அறை, மெதுவாக. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தட்டுவடைசெட்

பாண்டிதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது. பெட்ரோலும் மலிவு.

கொலுசுப்பட்டறை

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டை. கொலுசுச் சரக்கோடு மாதம் ஒருமுறையாவது திருச்சூர், எர்ணாகுளம் போகிறவன். அதனால் கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொச்சி என்று சொன்னாலே முதலில் ஒரு குழப்பம் வரும். ரயில் விட்டு இறங்குவது எர்ணாகுளம். நீங்கள் பார்க்க நினைக்கும் பழைய ஊர் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும், நடுவில் காயல். பாலம் வழியாக வண்டியில் சுற்றிப் போகலாம், ஆனால் கொச்சி வரை வந்துவிட்டு அப்படிப் போவது பாவம். எர்ணாகுளம் ஜெட்டியில் அரசுப் படகு சில்லறைக் காசுக்கு உண்டு. கொஞ்சம் தள்ளி ஹைகோர்ட் ஜெட்டியில் வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கியது, பேட்டரியில் ஓடுகிறது, ஏசி. உங்களுக்கு முக்கியமான விஷயம், அதில் மேடையே தண்ணீரில் மிதப்பதால் நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் படகுத் தளமும் மேடையும் ஒரே உயரத்தில் நிற்கும். அம்மா காலைத் தூக்கி வைக்க வேண்டியதில்லை, வீட்டு வாசல் தாண்டுவது போலத்தான். புதுச்சேரியில் ஊரைப் பார்க்க நீங்கள் நடக்க வேண்டும், கொச்சியில் உட்கார்ந்தால் போதும், ஊர் தானே கண் முன்னால் நகரும். கப்பல், துறைமுகம், வில்லிங்டன் தீவு எல்லாம் ஜன்னலோரம்.

அப்புறம் சீனவலை. படத்தில் அழகாக இருக்கும், ஆனால் நீங்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். நீள நீளமான மரக் கட்டைகளைக் கோர்த்து ராட்சசக் கை மாதிரி ஒன்று, அதன் நுனியில் வலை, பின்பக்கம் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கும் பாறைக் கற்கள். நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுப்பார்கள். வலை மேலே வர வர, பின்னால் கற்கள் ஒவ்வொன்றாக டொக், டொக் என்று பலகையில் வந்து உட்காரும். தண்ணீர் எல்லாம் ஒழுகி முடிந்த பிறகு பார்த்தால் உள்ளே ஒரு கை மீன், அதோடு நாலு கை ஆகாயத்தாமரை. அவ்வளவுதான் வருமானம். நம்மையும் இழுக்கக் கூப்பிடுவார்கள், இழுத்தால் ஏதாவது கொடுக்க வேண்டும், மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மட்டாஞ்சேரி அரண்மனையில் ராமாயணச் சுவரோவியங்கள், பக்கத்திலேயே 1568இல் கட்டிய யூதர் ஆலயம். ஆலயத்தின் தரை முழுக்கச் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், கையால் வரைந்தவை. நம் கோயில் மாதிரியே செருப்பை வெளியே விட்டுத்தான் போக வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: வெள்ளிக்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, ஆலயத்துக்கு வெள்ளி சனி இரண்டும் விடுமுறை. என் தம்பி குடும்பத்தோடு சரியாக வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தான்.

சேலத்திலிருந்து ரயில் நேராகப் போகிறது, சென்னையிலிருந்து வரும் இரவு வண்டிகள் நள்ளிரவுக்கு மேல் நம் ஜங்ஷனுக்கு வந்து காலையில் எர்ணாகுளத்தில் விட்டுவிடும். இன்னும் என்ன வேண்டும்?

மிளகுக்கொடி

@கொலுசுப்பட்டறை நன்றி அண்ணா. மிதக்கும் மேடையைப் பற்றிப் படித்துக் காட்டினேன், அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கொச்சிக் கட்சிக்கு ஒரு ஓட்டு கூடிவிடும் போலிருக்கிறது.

வாய்க்காலோரம்

நான் ஆத்தூர்ப் பெண், புதுச்சேரிக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினொரு வருடம் ஆகிறது. விடுமுறை வந்தால் சேலத்துச் சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில்தான், அதனால் எந்த வயதுக்காரரை எங்கே உட்கார வைக்கலாம் என்பது எனக்கு மனப்பாடம்.

மிளகுக்கொடி அண்ணா, அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள். அப்படியென்றால் முதலில் கேட்க வேண்டியது உட்கார இடம் எங்கே என்பதுதான். எங்கள் கடற்கரைச் சாலை ஒரே சமதளம், காந்தி சிலையிலிருந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டே போகலாம். சாயங்காலம் ஆறு மணிக்குச் சாலையை அடைத்துவிட்டால் காலை ஏழரை வரை வண்டியே வராது. ஹாரன் இல்லாத கடற்கரைச் சாலையை நீங்கள் வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்? பாட்டிமார்களைச் சாயங்காலம் அங்கே உட்கார வைத்தால் எட்டரைக்குச் சாப்பிடக் கூப்பிட்டாலும் எழ மாட்டார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அங்கே மணல் எதிர்பார்த்துப் பையனை அழைத்து வராதீர்கள். முழுக்கக் கறுப்புப் பாறாங்கல். முன்பு மணல் இருந்த இடம்தான் அது. எண்பதுகளின் கடைசியில் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்குக் கற்கரை கட்டினார்கள். இந்தக் கடலோரத்தில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து வரும். அது அந்தக் கற்கரையில் முட்டி நின்றுவிட்டது, ஊருக்கு முன்னால் இருந்த மணலைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு கரையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். சில வருடம் முன்பு தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்குள் செயற்கைப் பாறைத்திட்டு அமைத்தார்கள், அதன் பிறகு அங்கே மட்டும் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. பையன் வீடு கட்டி விளையாட அது போதும், குளிக்க வேண்டாம். கால் நனைக்கச் சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் பாரடைஸ் பீச் போங்கள். பாறையில் இறங்கி செல்ஃபி எடுப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள், பாசி வழுக்கும்.

எல்லோரும் கடலை ஒட்டிய மஞ்சள் சுவர்த் தெருக்களில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். வைசியாள் வீதியில் திண்ணையும் தூண் வைத்த தாழ்வாரமுமாகப் பழைய தமிழர் வீடுகளைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், சில வீடுகள் கீழே தமிழ், மாடியில் பிரெஞ்சு. மகள் பத்தாம் வகுப்பு என்றால் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீட்டைக் காட்டுங்கள். 1908இல் வந்தவர் பத்து வருடம் இந்த ஊரில்தான் இருந்தார், ஆங்கிலேயப் போலீஸ் பிரெஞ்சு எல்லைக்குள் நுழைந்து கைது செய்ய முடியாது என்பதால். அரசு அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

ஆரோவில் போனால் மாத்ரி மந்திர் என்ற உருண்டையான தியான மண்டபத்தைப் பார்க்கும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நடக்க வேண்டியிருக்கும். வயதானவர்களுக்கு வண்டி விடுகிறார்கள், அனுமதிச் சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். உள்ளே தியான அறைக்கு முன்பதிவு இல்லாமல் போக முடியாது, வாசலில் நின்று சண்டை போட்டுப் பயனில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம்: வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு வரை வராதீர்கள். சென்னையும் பெங்களூரும் இங்கேதான் இருக்கும், அறை வாடகையும் அதற்குத் தகுந்தபடி ஏறும். திங்கள் வந்து வியாழன் போங்கள், அப்போதுதான் ஊர் எங்களுடையதாக இருக்கும்.

ஐந்துரோடுவண்டி

வாடகை வண்டி ஓட்டுகிறேன், இரண்டு ஊருக்கும் மாறி மாறிப் போகிறவன். வரலாறு எனக்கு வேண்டாம், சாலையைச் சொல்கிறேன்.

புதுச்சேரி சுமார் 200 கிலோமீட்டர். வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம். மலையிலிருந்து காலை ஆறு மணிக்கு இறங்கினால் நிறுத்தி நிதானமாகச் சாப்பிட்டும் பன்னிரண்டு மணிக்குள் போய்விடலாம். நான்கு வழிச் சாலைதான், ஆனால் ஊர்களை ஒட்டிய சில பைபாஸ்களில் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. கடைசியாகப் போனபோதுகூட நூறில் வந்தவன் திடீரென்று எதிர் வண்டியோடு ஒரே பாதையில் நின்றான். இரவில் மட்டும் வேண்டாம்.

கொச்சி சுமார் 350. கோயம்புத்தூர் வரை வெண்ணெய். குதிரான் மலையில் முன்பெல்லாம் மணிக்கணக்கில் நிற்போம், 2021இல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தத் தொல்லை போச்சு. ஆனால் திருச்சூர் தாண்டி அங்கமாலி வரை பாலம் வேலை நடக்கும் இடங்களில் இன்னும் ஊர்ந்துதான் போக வேண்டும். முழங்கால் வலிக்காரர் எட்டு மணி நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. கொச்சி என்றால் ரயில், வண்டி வேண்டாம். எனக்கு வாடகை போனாலும் பரவாயில்லை.

வாடகை வண்டியில் போனால் பக்கத்து மாநில வரியை யார் கட்டுவது என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம், திரும்பும்போது டிக்கியில் பாட்டில் வைக்காதீர்கள். எல்லையில் சோதனை உண்டு, மாட்டினால் வண்டியும் நிற்கும், நானும் நிற்பேன்.

தட்டுவடைசெட்

கடைசி வரி யாரைச் சொல்கிறீர்கள் அண்ணா.

ஐந்துரோடுவண்டி

பொதுவாகச் சொன்னேன் தம்பி. உனக்குத்தான் தெரியும்.

கரும்பலகை

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன். பிரெஞ்சு நகரம், டச்சு அரண்மனை என்று பெயர் பலகையைப் பார்த்துத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், பத்தாம் வகுப்புப் பெண் படிக்கப்போகிறாள் என்பதால் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

மட்டாஞ்சேரி டச்சு அரண்மனையைக் கட்டியது போர்த்துகீசியர், கொச்சி அரசருக்காக, 1555 வாக்கில். டச்சுக்காரர்கள் 1663இல் கொச்சியைப் பிடித்த பிறகு பழுது பார்த்தார்கள், பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. புதுச்சேரியில் கதை நேர் எதிர். 1693இல் டச்சுக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். கோடு போட்ட நோட்டு மாதிரி நேர்நேராகத் தெருக்கள் இருக்கின்றனவே, அந்தத் திட்டம் அவர்கள் காலத்தில் வரைந்தது. கொச்சியில் கட்டாததற்குப் பெயர் வாங்கினார்கள், புதுச்சேரியில் போட்டதற்குப் பெயர் வாங்கவில்லை.

வாஸ்கோ ட காமா கல்லறை என்று ஃபோர்ட் கொச்சி பிரான்சிஸ் தேவாலயத்தில் காட்டுவார்கள். 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்தது, அங்கே புதைத்தது எல்லாம் உண்மை. ஆனால் 1539இலேயே எடுத்துப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது இருப்பது கல் மட்டும்.

கோட்டை பார்க்கலாம் என்று நினைத்தால் இரண்டு ஊரிலும் ஏமாற்றம்தான். 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் ஊரையும் தரைமட்டம் ஆக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் வீடுகள் அதற்குப் பிறகு எழும்பியவை. கொச்சிக் கோட்டையையும் 1806 வாக்கில் அவர்களே வெடி வைத்துத் தகர்த்தார்கள். கோட்டைதான் வேண்டும் என்றால் சங்ககிரிக்குப் போங்கள், பஸ் செலவோடு முடியும்.

ஒரு ஊரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் கொச்சி என்பேன். 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் பழைய துறைமுகமான முசிறியை ஒதுக்கிவிட்டுக் கொச்சி முகத்துவாரத்தைத் திறந்தது என்பார்கள். ஒரு வெள்ளத்தால் துறைமுகமான ஊர் அது. அரபியர், சீனர், யூதர், குஜராத்தி, கொங்கணி என்று எல்லோரும் ஒரே தெருவில். புதுச்சேரி அழகுதான், ஆனால் இருநூற்றைம்பது வருடத்துக் கதை.

வாய்க்காலோரம்

@கரும்பலகை ஐயா, இருநூற்றைம்பது வருடமா? ஊருக்குத் தெற்கே ஆற்றங்கரையில் அரிக்கமேட்டை மறந்துவிட்டீர்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகள் வந்தன. உங்கள் முசிறி காலத்திலேயே இங்கேயும் கப்பல் வந்திருக்கிறது.

கரும்பலகை

தப்பு என்னுடையது அம்மா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரிக்கமேட்டுக்கு ஒன்பது வயதுப் பையனைக் கூட்டிப்போனால் என்ன பார்ப்பான்? மாந்தோப்பும் ஒரு இடிந்த சுவரும். நான் மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன், பாதிப் பேர் மாங்காய் பொறுக்கினார்கள்.

வாய்க்காலோரம்

அதுவும் சரிதான் ஐயா. பொருளெல்லாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அங்கே காட்டிக்கொள்ளலாம்.

மேட்டூர்மீன்

யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லையே. செப்டம்பர் கடைசியில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை ஓய்கிற நேரம், ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும். காலையில் வெயில், மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு கொட்டும். புதுச்சேரிக்கு வடகிழக்கு மழை அக்டோபர் நடுவில்தான் ஆரம்பிக்கும், செப்டம்பரில் சாயங்கால இடிமழை ஒன்றிரண்டு வரலாம், அவ்வளவுதான். அதனால் இந்த மாதத்துக்குப் புதுச்சேரி. இதே கேள்வியை நவம்பர், டிசம்பருக்குக் கேட்டிருந்தால் தலைகீழாகச் சொல்வேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, ஊரே மிதந்தது.

மிளகுக்கொடி

@மேட்டூர்மீன் அந்த ஃபெஞ்சலை எப்படி மறப்பது. அது மேற்கே நகர்ந்து வந்து எங்கள் மலைப்பாதையில் மண்ணைச் சரித்துவிட்டதே. களத்தில் காயப்போட்ட காப்பியை நடு இரவில் வாரினோம், பாதி பூஞ்சணம் பிடித்துவிட்டது. கடற்கரையில் மழை பெய்தால் எங்களுக்கென்ன என்று இப்போது யாரும் மலையில் சொல்வதில்லை.

கொலுசுப்பட்டறை

மழைக்குப் பயந்தால் கொச்சியைப் பார்க்கவே முடியாது. மழையில் மட்டாஞ்சேரி மசாலாக் கிடங்குத் தெருவில் சுக்கு வாசனையும் ஏலக்காய் வாசனையும் ஈரத்தோடு கலந்து வரும், அதற்காகவே போகலாம். மிளகு விளைவிக்கிறவர் மிளகு வியாபாரம் நடந்த தெருவைப் பார்க்காமல் இருப்பதா? உங்கள் கொடியில் காய்ப்பதற்குத்தான் ஐரோப்பாக்காரன் கப்பல் ஏறினான்.

சைவமா அசைவமா என்று நீங்கள் சொல்லவில்லை. அசைவம் என்றால் கரிமீன் பொள்ளிச்சதை விட்டுவிடாதீர்கள். சைவம் என்றால் குஜராத்தி தெருப் பக்கம் போங்கள். சிவப்பு மட்டை அரிசிச் சோறு அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது, வெள்ளைச் சோறு என்று கேட்டால் தருவார்கள். மொழிக்கும் கவலையில்லை, ஃபோர்ட் கொச்சி வேளிப் பக்கத்தில் பெரிய சலவைத்துறை ஒன்று இருக்கிறது, அங்கே துவைக்கிற குடும்பங்கள் தமிழ்க் குடும்பங்கள். முன்னோர் பட்டாளத்துத் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் என்று அவர்களே சொல்வார்கள். வீட்டில் இன்னும் தமிழ்தான்.

பூம்புகார்பாதை

இரண்டும் வேண்டாம், தரங்கம்பாடி போங்கள். 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை அப்படியே கடலைப் பார்த்து நிற்கிறது. கூட்டம் இல்லை, விலை இல்லை.

ஐந்துரோடுவண்டி

நான்கு நாள் அங்கே என்னங்க செய்வார்கள்? ஒரு நாள் போதும். நல்ல ஊர்தான், ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் நாய்தான் துணை.

பூம்புகார்பாதை

அதுதான் அழகே.

மிளகுக்கொடி

எல்லோருக்கும் நன்றி. கொலுசுப்பட்டறை அண்ணா எழுதிய மிளகுத் தெரு வரியைப் படித்ததும் நானே கொச்சிக் கட்சிக்குத் தாவிவிட்டேன், உண்மை. ரயில் டிக்கெட் பார்த்தோம். ஆயுத பூஜை நெருக்கம், அறுபது நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்ததும் எல்லாம் போய்விட்டது போல, எந்த இரவு வண்டியைப் பார்த்தாலும் காத்திருப்போர் பட்டியல். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்காவிட்டால் கிளம்பவே முடியாது. காரில் எட்டு மணி நேரம் என்பதை ஐந்துரோடு அண்ணன் முடித்துவைத்துவிட்டார்.

ஆக, புதுச்சேரி. திங்கள் முதல் வியாழன். மச்சான் காரில். மகளுக்குக் கொஞ்சம் கோபம், கொச்சிக்கு ஏப்ரலில் முன்பதிவு திறக்கிற நாளே எழுந்து உட்காருவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாய்க்காலோரம் தங்கச்சி, அறை கடல் பக்கமா வாய்க்காலுக்கு மேற்கா?

வாய்க்காலோரம்

மேற்கே பாருங்கள் அண்ணா, வாடகை பாதியாகக் குறையும், கடற்கரைக்கு ஆட்டோவில் ஐந்து நிமிடம். ஏறும் முன்பே எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள், இங்கே மீட்டர் என்பது அலங்காரப் பொருள்.

மிளகுக்கொடி

போய் வந்துவிட்டோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன், நீளமாகிவிட்டால் மன்னிக்கவும்.

முதலில் என் முட்டாள்தனம். தங்கச்சி சொல்லியும் கேட்காமல், "கடல் தெரியும் அறை" என்று போட்டிருந்த ஒரு பழைய வீட்டு விடுதியை ஆன்லைனில் பிடித்தேன். பெயர் வேண்டாம். போய்ப் பார்த்தால் மாடி, மரப்படி, ஒரு ஆள் பக்கவாட்டில் ஏறுகிற அகலம். கடல் தெரிந்தது, குளியலறை ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினால். அம்மா கீழே நின்று மேலே பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு பின்கட்டில் தரைத்தளத்தில் ஒரு அறை தந்தார்கள். மாடி அறையைவிட அது நன்றாக இருந்தது: முற்றம், நடுவில் ஒரு கொய்யா மரம், சுவர் இரண்டடி கனம். உள்ளே வெயில் தெரியவில்லை. மலைக்காரர்களுக்கு அது பெரிய விஷயம், வெளியே போனால் ஐந்து நிமிடத்தில் சட்டை ஒட்டிக்கொள்கிறது.

திங்கள் அருங்காட்சியகம் மூடி என்பதால் அன்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவைக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தோம். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். "என்னடா இது, கண்ணாடி பிசுபிசுவென்று இருக்கிறது" என்றார். உப்புக்காற்று அம்மா என்றேன். நம் ஊரில் பனி படிந்தால் துடைத்ததும் போய்விடும், இது போகவில்லை என்பது அவர் குறை. ஆனால் எழவில்லை. எட்டரை வரை எழவில்லை. தங்கச்சி, நீங்கள் சொன்ன மணிக்கணக்கு அச்சு அசல். மறுநாள் காலை ஐந்து மணிக்கே தயாராகி என்னை எழுப்பினார், சூரியன் வருவதைப் பார்க்க. மூன்று நாளும் இதே.

மகன் முதல் வேலையாகத் தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டு "மேட்டூரில் இப்படி இல்லை" என்றான். அந்தச் சின்ன மணல் திட்டிலும் பாரடைஸ் பீச்சிலும் அவன் பாடு கொண்டாட்டம்.

மகள்தான் ஆச்சரியம். பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய தெருப் பலகைகளாகத் தேடித் தேடிப் படம் எடுத்தாள். நேர்த் தெருக்களைப் பார்த்து "இது டச்சுக்காரன் கோடு" என்று எங்களுக்கே பாடம் எடுத்தாள், கரும்பலகை ஐயாவுக்கு அவள் நன்றி. பாரதியார் வீட்டில் மட்டும் அரை நாள் போனது. அங்கேயும் அம்மாவுக்கு ஒரு நாற்காலி கேட்டுப் போட்டுக்கொண்டோம். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரோடு மகன் ஒரு படம்.

புதன் சாயங்காலம் இடியும் மழையும் ஒரு மணி நேரம். முற்றத்தில் கொய்யா மரத்தின் மேல் பெய்வதைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டோம். ஆரோவில் போகவில்லை. இடங்களை விட்டுவிட்டோமே என்று மனைவி ஆரம்பித்தாள், விட்டுவிட்டோம்தான், பரவாயில்லை என்றேன். மொத்தம் பார்த்தது மிஞ்சிப்போனால் ஐந்து இடம்.

கொலுசுப்பட்டறை

ஏப்ரலில் கொச்சிக்கு நானும் அந்த வாரம்தான் சரக்கோடு போவேன், சொல்லுங்கள். அம்மாவை வாட்டர் மெட்ரோவில் ஏற்றுவது என் பொறுப்பு.

புங்கமரத்தடி

இழை முழுதும் படித்தேன். எனக்கும் ஒரு மாமியார், இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து ஐந்து மாதம். அந்தப் பின்கட்டு அறையில் மேற்கத்தியக் கழிப்பறையா? வாசல்படி எத்தனை?

மிளகுக்கொடி

மேற்கத்தியதுதான் அக்கா. தெருவிலிருந்து திண்ணைக்கு இரண்டு படி, திண்ணையிலிருந்து உள்ளே ஒரு வாசல் நிலை, கொஞ்சம் உயரம், பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டும். குளியலறையில் பிடிக்கக் கம்பி இல்லை. நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டேன், நீங்களும் போன உடனே கேளுங்கள். விடுதிப் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.